லீவு விட்டாச்சு, லைப்ரரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது?

வாசகர் கேள்வி - பதில்

முழுப் பரிட்சை முடிந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடுகிறது. பிள்ளை நாள் முழுக்க வீட்டில் இருக்கிறான், என்ன செய்வது என்பதுதான் முக்கால்வாசிக் கடிதங்களில். இந்த முறை லைப்ரரியைப் பற்றியே பலரும் கேட்டிருப்பதால், மாமியார் விவகாரம், மொய் விவகாரம் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பல்லடத்தில் இருந்து ஒரு வாசகி: மகன் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறான். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டேன். ஒரு நாள்தான் வந்தான். நான் எடுத்துக் கொடுத்த தலைவர் வரலாறு அப்படியே டிவி மேல் கிடக்கிறது. பத்துப் பக்கம் படித்தால் அரை மணி நேரம் போன் தருகிறேன் என்றேன். பத்துப் பக்கத்தையும் காற்றாடி மாதிரி புரட்டிவிட்டுப் போனுக்குக் கை நீட்டுகிறான். என்ன செய்யட்டும்?

முதல் வேலையாக அந்தத் தலைவர் வரலாற்றை நாளைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது நல்ல புத்தகமாகவே இருக்கட்டும். அவன் எடுத்த புத்தகம் இல்லையே. நீங்கள் அவனுக்குச் செருப்பு வாங்கப் போனால் அவன் காலை விட்டுவிட்டு உங்கள் காலுக்கா அளவு பார்ப்பீர்கள்? புத்தகத்தில் மட்டும் அதைத்தான் செய்கிறோம், நாம் படிக்காமல் விட்டதையெல்லாம் பிள்ளை தலையில் கட்டுகிறோம்.

அப்புறம் அந்தப் போன் ஒப்பந்தம். அதை உடனே ரத்து செய்யுங்கள். படிப்பது தண்டனை, போன் பரிசு என்று நீங்களே அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள், அவனும் சரியாகப் புரிந்துகொண்டு தண்டனையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வருகிறான், இதில் அவன் மேல் என்ன தப்பு? 1973-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சின்னக் குழந்தைகளில் சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். ஓரிரு வாரம் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்களாம். இருந்த ஆசையும் பரிசு வந்து பாதியாகிவிட்டது. ஆசையே இன்னும் வராத உங்கள் பையனுக்கு இது எப்படி வேலை செய்யும் என்று நினைக்கிறீர்கள்?

சரி, பரிசும் வேண்டாம், நான் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம் என்றால் நான் எதற்கு என்று கேட்பீர்கள். கூட்டிக்கொண்டு போவதற்குத்தான். வெயில் தாழ்ந்த பிறகு சாயங்காலமாகப் போங்கள். போகிற வழியில் கரும்புச்சாறோ நுங்கோ வாங்கிக் கொடுங்கள், அது படித்ததற்குக் கூலி இல்லை, சும்மா. உள்ளே போனதும் அவனை விட்டுவிட்டு நீங்கள் ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். அவன் பின்னாலேயே போய் "இதப் பாரு, அதப் பாரு" என்று சொல்லாதீர்கள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகள் புத்தகம் எடுப்பதை மேசைக்குப் பின்னால் இருந்து நிறையக் கவனித்திருக்கிறேன். நேராக அலமாரிக்குப் போக மாட்டார்கள். பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம்தான் அலமாரிப் பக்கம் நகர்வார்கள். ஒன்றை உருவி, அட்டையைப் பார்த்து, எத்தனை தடிமன் என்று விரலால் அளந்து, உள்ளே படம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விவரமான பிள்ளைகள் கடைசி அட்டைக்குப் போவார்கள். அங்கே திருப்பித் தரவேண்டிய தேதி குத்துகிற தாள் ஒட்டியிருக்கும் இல்லையா, அதில் முத்திரை நெருக்கமாக இருந்தால் நிறையப் பேர் எடுத்திருக்கிறார்கள், கட்டாயம் நன்றாக இருக்கும் என்று கணக்கு. வெறுமையாக இருந்தால் திருப்பி வைத்துவிடுவார்கள். எந்த விமர்சகரும் அந்தத் தாளுக்கு ஈடாக மாட்டார். உங்கள் பையனுக்கு ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று மனசு பரபரத்தால் இந்த ஒரு வித்தையை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

அவன் எடுப்பது காமிக்ஸாக இருக்கும், பேய்க்கதையாக இருக்கும், கார் பைக் படம் போட்ட புத்தகமாக இருக்கும். இருக்கட்டும். ஃபுளோரிடா மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பிள்ளைக்கு 12 புத்தகம், மூன்று வருஷம் தொடர்ந்து, எது வேண்டும் என்று பிள்ளைகளே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனதில் பாட்டுக்காரர்கள், டிவி ஆட்கள் பற்றிய புத்தகங்கள்தான் முன்னால் நின்றன. நம் வீடாக இருந்தால் இதெல்லாம் ஒரு புத்தகமா என்று பிடுங்கி வைத்திருப்போம். 2010-ல் முடிவை வெளியிட்டபோது, புத்தகம் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட வாசிப்புத் தேர்வில் முன்னால் போயிருந்தார்கள். பாடமும் நடத்தவில்லை, பரிட்சையும் வைக்கவில்லை.

எடுத்த புத்தகம் பிடிக்கவில்லை என்று பாதியில் போட்டால் போடட்டும், நாமெல்லாம் எத்தனை சீரியலைப் பாதியில் விட்டிருக்கிறோம். "என்ன நீதி தெரிஞ்சுக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவனாகச் சொல்ல வந்தால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கேளுங்கள். போனைப் பற்றி ஒரு வார்த்தை: அதைப் புத்தகத்தோடு முடிச்சுப் போடாமல், வீட்டுக்கே பொதுவாக நேரம் வையுங்கள். ராத்திரி எட்டுக்கு மேல் யார் கையிலும் போன் இல்லை என்றால், யார் கையிலும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் கையிலும்.

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒரு தாத்தா: மகள் வயிற்றுப் பேத்தி சென்னையில் இங்கிலீஷ் மீடியத்தில் நாலாவது படிக்கிறாள். லீவுக்கு இங்கே தோட்டத்துக்கு வந்திருக்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். லைப்ரரியில் இருந்து திருக்குறள் கதைகள் எடுத்து வந்து தினம் ஒன்று சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "போங்க அப்புச்சி, உங்ககூடப் பேச மாட்டேன்" என்று அவள் அம்மாயி பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள்.

ஐயா, எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்வது, நாலு பேர் நடுவில் நொண்டச் சொல்வது போலத்தான். ஒளிந்துகொள்ளாமல் என்ன செய்வாள்? நீங்கள் படியுங்கள், அவள் கேட்கட்டும். கயிற்றுக்கட்டிலைக் களத்தில் போட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, குரலை ஏற்றி இறக்கி, திருடன் வந்தால் திருடன் மாதிரி, நரி வந்தால் நரி மாதிரி. சுவாரசியமான இடம் வந்ததும், கண் தெரியவில்லை, கண்ணாடி உள்ளே இருக்கிறது, அடுத்த வரி என்ன போட்டிருக்கிறது பாரு கண்ணு என்று புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்துங்கள். இது கொஞ்சம் நடிப்புதான், பேத்திக்காக நடிக்காமல் வேறு யாருக்காக நடிக்கப் போகிறீர்கள்? அவள் தப்பாக வாசித்தால் திருத்தாதீர்கள், கதை புரிகிற அளவுக்கு இருந்தால் போதும். அர்த்தமே மாறிப்போனால் அவளே நின்று உங்களைப் பார்ப்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து, வயசைப் பார்த்துப் புத்தகம் எடுக்காதீர்கள். நாலாம் வகுப்பு என்றாலும் தமிழில் அவள் இன்னும் ஒன்றாம் வகுப்புதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று நடத்துகிறார்களே, அதற்காகப் போட்ட குட்டிப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலாகப் பிரித்திருக்கிறார்கள். நுழை என்றால் படம் பெரிசு, பக்கத்துக்கு ஓரிரு வரிதான். இந்த வகுப்பு, அந்த வகுப்பு என்று நம்பர் போடாமல் விட்டதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பெரிய பிள்ளையும் கூச்சப்படாமல் நுழையில் ஆரம்பிக்கலாம். பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் யாராவது தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். லைப்ரரியிலும் பக்கத்துக்கு ரெண்டு வரி மட்டும் உள்ள படக்கதைகள் இருக்கும், திருக்குறள் கதைகளுக்குப் பதிலாக அவற்றைக் கை நிறைய எடுத்து வாருங்கள். குறள் எங்கேயும் போய்விடாது.

இன்னொன்று, நம்ம பக்கத்து ஆளைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன், பெரியவர்களுக்குத் தமிழில் 10 தொகுதிக் கலைக்களஞ்சியம் தொகுத்து முடித்துவிட்டு அதோடு ஓய்ந்துவிடவில்லை. குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு 10 தொகுதி கொண்டு வந்தார். பழைய நூலகங்களில் அந்தக் கனத்த புத்தகங்கள் மேல்தட்டில் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். தகவல் பழசுதான், விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் தோட்டத்தில் பார்த்த ஆந்தை, உடும்பு, தூக்கணாங்குருவி இவற்றையெல்லாம் அதில் தேடிப் பிடிப்பது ஒரு விளையாட்டு. அகரவரிசையில் தேட வேண்டும் என்பதால் அ, ஆ, இ, ஈ வரிசையும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

திருப்பூரில் இருந்து ஒரு வாசகி: நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். பிள்ளைகள் மூன்றாவதும் ஏழாவதும் படிக்கிறார்கள். லைப்ரரி திறந்திருக்கும்போது நாங்கள் கம்பெனியில், நாங்கள் வீடு வரும்போது லைப்ரரி பூட்டு. எங்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் ஒத்து வருமா?

உங்கள் கேள்விதான் இந்தக் கட்டில் ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. பிள்ளையோடு போய் உட்காருங்கள் என்று மேலே பல்லடத்துக்காரருக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. நம் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலை கறி எடுக்கப் போகிறீர்கள் இல்லையா, அப்படியே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வந்தால் ஒரு வாரத்துக்கான புத்தகம் கைக்கு வந்துவிடும். நடுவில் பூட்டிவிட்டு மறுபடி சாயங்காலம் திறக்கிற நூலகங்கள்தான் அதிகம், உங்கள் பகுதியில் எத்தனை மணி என்று முதல் தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேர் பேரிலும் தனித்தனி கார்டு போடுங்கள். கட்டுகிற காசு ரொம்பக் கொஞ்சம்தான், மாலில் ஒரு சினிமா டிக்கெட் விலைகூட வராது. ஏழாவது படிக்கிற பிள்ளை பழகிவிட்டால் வாரத்தின் நடுவில் சின்னதையும் கூட்டிக்கொண்டு அதுவே போய் வந்துவிடும், வழியில் பெரிய ரோடு தாண்ட வேண்டியதில்லை என்றால்.

போகவே முடியாது என்றால் நூலக நண்பர்கள் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்து வாங்கிப் போவார்கள். எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் நூலகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் காம்பவுண்டில் காலேஜ் படிக்கிற பெண்ணோ பையனோ இருந்தால் சேர்த்துவிடுங்கள். ஒரே காம்பவுண்டில் பத்து வீடு இருக்கிற உங்கள் ஊரில் ஒருத்தர் ஒரு பை நிறையக் கொண்டு வந்தாலே போதும், வீட்டுக்கு வீடு மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ஒத்து வருமா என்று தயங்கிக் கேட்டீர்களே, அது மட்டும் வேண்டாம். 1948-ல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். இன்றைக்குச் சொத்துவரியில் ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா. வாடகை வீட்டில் இருக்கிறோமே என்பீர்கள், வீட்டு ஓனர் அந்த வரியைத் தன் பாக்கெட்டில் இருந்தா கட்டுகிறார், உங்கள் வாடகையில் இருந்துதானே? அந்த அலமாரியில் உங்கள் காசும் இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போங்கள்.

பொள்ளாச்சி வட்டாரத்தில் இருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகள் புத்தகங்கள் கண்ணாடி பீரோவில் பூட்டியே இருக்கின்றன. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேட்டால் "கிழிச்சுப்புடுவாங்க" என்கிறார் நூலகர்.

சீர்காழியில் 1892-ல் பிறந்து, உலகத்துக்கே நூலக இயலைக் கற்றுக்கொடுத்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். உங்கள் ஊர் பீரோ முதல் விதியிலேயே பெயில்.

ஆனாலும் நான் நூலகரைத் திட்டப் போவதில்லை. புத்தகம் காணாமல் போனால் கணக்கெடுப்பு நாளில் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். கூட்டுகிறவரும் அவர்தான், பதிவு போடுகிறவரும் அவர்தான், சில இடங்களில் ஒரே ஆள் ரெண்டு நூலகம் பார்க்கிறார். பூட்டி வைத்தால் அவருக்கு நிம்மதி. அந்தப் பயத்தைப் போக்கினால் பூட்டு திறக்கும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போய், லீவு முடியும் வரை தினம் ஒருத்தர் சாயங்காலம் ஒரு மணி நேரம் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம், கலைந்ததை அடுக்கி, கிழிந்ததை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதன் மூலமாகவே பேசுங்கள், இன்னும் நல்லது. பசை, பிரவுன் தாள் உங்கள் செலவு. இவ்வளவு சொல்லியும் திறக்கவில்லை என்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கத்தில் மரியாதையாகக் கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டு நூலகரைச் சந்தி சிரிக்க வைக்காதீர்கள், அப்புறம் சாவியே தொலைந்து போய்விடும்.

பிள்ளைகள் கிழிக்கத்தான் செய்வார்கள். படித்துக் கிழிந்த புத்தகத்தைத் தள்ளுபடிக் கணக்கில் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. பீரோவுக்குள்ளேயே செல்லரித்துப் போனதைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

நாமக்கல்லில் இருந்து ஒரு அப்பா: மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். லீவிலேயே ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறாள். மார்க் குறையுமா?

குறையாது. ஒன்பது மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிற பெண் எதையாவது ஆசையாகப் படிக்கிறாள் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் காபி கொடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஐந்தாம் வகுப்பு மாணவன்: அங்கிள், லைப்ரரி புத்தகம் படிச்சு முடிச்சா எங்கம்மா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் சுருக்கம் எழுதணும்னு சொல்றாங்க. அதனால நான் படிக்கிறதையே நிறுத்திட்டேன். நான் செஞ்சது சரியா?

நிறுத்தியது தப்பு. எழுதாமல் இருப்பது சரி. அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு, ஆனால் அவர்கள் நல்ல மூடில் இருக்கிறபோது காட்டு. எழுதியே தீரணும் என்று அவர்கள் அடம் பிடித்தால் ஒரு வழி சொல்கிறேன். ஒரு நோட்டில் புத்தகத்தின் பேர், எழுதியவர் பேர், அதற்கு நீ கொடுக்கிற மார்க், அவ்வளவுதான். பத்துக்கு ரெண்டு மார்க் போடக் கூச்சப்படாதே. எழுத்தாளரை நீ பெயிலாக்கலாம், யாரும் கேட்க முடியாது.

தாராபுரத்தில் இருந்து ஒரு வாசகி: நூலகப் புத்தகத்தின் அட்டையையும் கடைசிச் சில பக்கங்களையும் எங்கள் வீட்டு நாய்க்குட்டி கடித்துக் குதறிவிட்டது. மகள் பயந்துபோய் லைப்ரரிப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். புத்தகத்தைப் பரணில் ஒளித்து வைத்திருந்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

குதறியதை அப்படியே ஒரு பையில் போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நேராக நூலகரிடம் போங்கள். நீங்கள் மட்டும் போய் முடித்துவிட்டு வந்தால் அவள் பயம் போகாது. நடந்ததை அவளே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அதே புத்தகத்தை வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள், கடையில் கிடைக்காவிட்டால் விலையைக் கட்டச் சொல்வார்கள். தாமதக் கட்டணம் சேர்ந்திருந்தால் அதுவும் பெரிதாக வராது. கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் அவளைத் திட்ட வேண்டாம், நாயையும் வேண்டாம். பணம் கட்டிய கையோடு அன்றைக்கே அவள் இன்னொரு புத்தகம் எடுத்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம் பை ஒன்று, ஆணியில் மாட்டுகிற மாதிரி, நாய்க்கு எட்டாத உயரத்தில்.